வத்தல்மலைச் சிறுமியின் வியாசம்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பயிற்சி என்ற பெயரால் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்பட்டு வரும் தலைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'நான் கண்ட பொருட்காட்சி', 'கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது', 'எனது இரயில் பயணம்' ஆகிய மூன்றும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகமும், நடுவே பெய்ய வேண்டிய குறிப்புகளும் கூடவே வந்துவிடுவதால், பிள்ளை செய்ய வேண்டிய வேலை கோடிட்ட இடத்தை நிரப்புவதைக் காட்டிலும் அதிகமாக இருப்பதில்லை.

தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வருகிற வத்தல்மலையில், பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுள் ஒன்றைச் சேர்ந்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை வாசகர்கள் மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவள் கடலைக் கண்டதில்லை, இரயிலில் ஏறியதில்லை, பொருட்காட்சிக்கு அவளை யாரும் அழைத்துப் போனதில்லை. ஆயினும் 'கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால், அலைகள் துள்ளி விளையாடியதையும், கதிரவன் மறைந்த அழகையும், தாங்கள் சுண்டல் வாங்கித் தின்றதையும், பிழையில்லாமல், அழகான கையெழுத்தில், ஒரு பக்கத்துக்கு எழுதிக் காட்டிவிடுவாள். பத்துக்கு எட்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். இதைவிடச் சாமர்த்தியமாக ஒரு குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்த விஷயங்களோ வேறு. சாமைக் கதிரில் குருவி இறங்காமல் காவல் இருப்பது அவளுக்குத் தெரியும். சிவந்த காபிப் பழத்தை மட்டும் பார்த்துப் பறித்துக் காயவைப்பதும், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்துவதும், பக்கத்தில் நிற்பவரின் முகமே தெரியாதபடி பனிமூட்டம் இறங்குகிற மாலையில் ஆடுகளைக் குரல் கொடுத்து ஓட்டி வருவதும் தெரியும். சுதந்திரம் வந்து நெடுங்காலம் நடையையும், கிடைத்தபோது ஜீப்பையும், பிறகு மோட்டார் சைக்கிளையும் நம்பிக் கிடந்த இந்த மலைக்கு அரசுப் பேருந்து ஏறி வந்தது அண்மை ஆண்டுகளில்தான். அந்தப் பேருந்தைப் பற்றி எழுதச் சொன்னால் அவளிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கும். ஆனால் அந்தத் தலைப்பு எந்த உரைநூலிலும் இல்லை. ஆகையால் யாரும் கேட்பதில்லை.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைசியாக நின்றது தருமபுரி. மாநிலம் முழுவதற்கும் 80 சதவீதம் என்றிருக்க, இங்கே ஏறத்தாழ 68.5 சதவீதம். அதியமானையும் ஔவையையும் சொல்லிப் பெருமை கொள்ளும் மாவட்டம் இது என்பதை நினைக்கையில் அந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. இந்தக் குறையைப் போக்கும் பிரயத்தனங்கள் எல்லாம் எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கச் செய்வதையே முதற்காரியமாகக் கொள்கின்றன, அது நியாயமே. எனினும், எழுத்தைக் கற்ற குழந்தை அந்த எழுத்தைக் கொண்டு தன் காரியம் எதையாவது சாதித்துக்கொள்ளாத வரையில், கற்ற எழுத்து அதற்குச் சொந்தமாவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சுதந்திரமாக எழுதினார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, நிகண்டு, சதகம் என்று மனப்பாடமே அங்கே படிப்பு, எழுதுவது என்றால் ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதுவது, தவறினால் பிரம்பு. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஆரம்பப் பிள்ளை முதலில் விரலால் மணலில் எழுதிற்று. மணலில் எழுதியது தவறாகிவிட்டால் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டு மறுபடி எழுதலாம். தவற்றின் சுவடு எங்கும் தங்காது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் இவ்வாறு மணலில் எழுதுவதைக் கண்டு அதிசயித்து, தம் பள்ளியிலும் அதையே அநுசரித்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் மூலமாக அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. நம் மணல் அங்கே போயிற்று; அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்தது, கட்டுரை நோட்டும் சிவப்பு மையும்.

சிவப்பு மையின் மகிமையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நாம் நினைத்துக்கொண்ட அந்தச் சிறுமியிடம் ஒருநாள் ஆசிரியர், இஷ்டமானதை எழுது என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவள் இப்படி எழுதுகிறாள்: "நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சி. ரெண்டு. ஒன்னு செத்துபோச்சி. எங்கம்மா அழுவல. நா அழுதன்." மொத்தம் ஐந்து வாக்கியங்கள். ஆசிரியர் தம் கடமையைச் செய்கிறார்: நேற்று, எங்கள், போட்டது, இரண்டு, ஒன்று, செத்துப்போயிற்று, எங்கள் அம்மா, அழவில்லை, நான் அழுதேன். திருத்தம் ஒவ்வொன்றும் சரியானதே. இலக்கணப்படி ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. ஆனால் நோட்டைத் திரும்ப வாங்கிய குழந்தையின் கண்ணில் படுவது என்ன? தான் எழுதியதில் 'ஆடு', 'குட்டி' என்ற இரண்டு சொற்களைத் தவிர மற்றவை எல்லாம் குற்றம் என்பதே. அடுத்த தடவை அவள் புத்திசாலியாகிவிடுகிறாள்: "ஆடு ஒரு சாதுவான பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தருகிறது." பிழை ஒன்றுகூட இல்லை. செத்துப்போன குட்டியைப் பற்றி இனி அந்த நோட்டில் ஒருநாளும் வராது.

இந்த இடத்தில் ஆசிரியர் செய்யக் கூடியது வேறொன்று உண்டு. அது சிரமமானதும் அல்ல. திருத்துகிறவராவதற்கு முன் அவர் வாசகராக வேண்டும். "எந்தக் குட்டி கண்ணு செத்தது, முதலில் பிறந்ததா, பின்னால் பிறந்ததா? அம்மா ஏன் அழவில்லை?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டால், ஐந்து வாக்கியம் பதினைந்தாகும். சொல்ல வேண்டியது முழுவதும் தாளில் இறங்கிய பிறகு, எழுத்துப் பிழைகளுள் ஒன்றை, அன்றைக்கு ஒன்றே ஒன்றை, எடுத்துச் சொல்லிக்கொடுத்தால் அது மனத்தில் தங்கும்.

பிள்ளைகளின் எழுத்தை வாசகராக இருந்து பார்த்தவர்களுள் முதலிடம் தர வேண்டியவர் டால்ஸ்டாய். உலகம் போற்றும் நாவல்களை எழுதுவதற்கு முன்பு, 1859 முதல் சில ஆண்டுகள், யாஸ்னயா போல்யானாவில் தம் பண்ணைக் குடியானவர் பிள்ளைகளுக்கென்று அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பழமொழி ஒன்றைக் கொடுத்து அதற்குக் கதை எழுதச் சொன்னபோது பிள்ளைகள் தங்களால் ஆகாது என்று ஒதுங்கிவிட்டார்கள். டால்ஸ்டாய் தாமே எழுதத் தொடங்கினார். உடனே பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் முதுகுப்பக்கம் வந்து நின்று எட்டிப் பார்த்து, அது சரியில்லை, இது இப்படி நடக்காது என்று திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஃபெத்கா, சியோம்கா என்ற இரண்டு பையன்கள் மட்டும் இரவு ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை பசியும் களைப்பும் தோன்றாமல் அவரோடு உட்கார்ந்து அந்தக் கதையைக் கட்டினார்கள். கதையில் வரும் ஒரு குடியானவன் அவசரத்தில் பெண்பிள்ளையின் கம்பளி மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு வருகிறான் என்று ஃபெத்கா சொன்னான். ஏன் பெண்பிள்ளையின் அங்கி? அந்த ஒரு விவரத்தில் அந்த மனிதனுடைய உருவம், அவன் குடும்பம், ஏழ்மை எல்லாம் கண்முன் வந்து நின்றுவிட்டதைக் கண்டு டால்ஸ்டாய் பிரமித்துப்போனார். எழுதக் கற்க வேண்டியது நம்மிடமிருந்து குடியானவர் பிள்ளைகளா, அல்லது அவர்களிடமிருந்து நாமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1862இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருமகனாரின் மிகையுணர்ச்சி என்று இதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் ஆசிரியர் தாமும் பேனாவை எடுத்து வகுப்பில் எழுத உட்கார்ந்தார் என்ற ஒரு காரியத்திலேயே பாதி இரகசியம் அடங்கியிருக்கிறது.

மீதிப் பாதியைக் கண்டவர் பிரெஞ்சுக்காரரான செலஸ்தேன் ஃபிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டு காயம் பட்டுத் திரும்பிய இந்த இளைஞர், 1920இல் தென் பிரான்சின் மலைச்சாரலில் உள்ள பார்-சூர்-லூ என்ற சிற்றூருக்கு உபாத்தியாயராகப் போனார். வகுப்பில் நெடுநேரம் உரக்கப் பேச அவருக்கு மூச்சு போதவில்லை. ஆகவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வரலானார். வயல், பட்டறை, தறி என்று பார்த்துவிட்டுத் திரும்பி, கண்டதை அவர்களே சொல்ல, சொன்னதை எழுதலானார்கள். 1924இல் ஒரு சிறு அச்சுப்பொறியை வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாம் எழுதியவற்றுள் ஒன்றைத் தாமே தெரிந்தெடுத்து, கூடி உட்கார்ந்து செம்மைப்படுத்தி, ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி அச்சடித்தார்கள். எழுத்துப் பிழை என்பது அப்போது ஆசிரியருக்கும் மாணவனுக்கும் உள்ள வழக்காக இருக்கவில்லை. அச்சேறுகிற சொல் சரியாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே கவலைப்பட்டார்கள்.

இன்னும் ஒருபடி மேலே போனார் ஃபிரெனே. 1926இல், பிரான்சின் மறுகோடியில், பிரித்தானிக் கடற்கரையில் த்ரேகங்க் என்ற ஊரில் இருந்த ஓர் ஆசிரியரோடு ஏற்பாடு செய்துகொண்டு, மலைப் பிள்ளைகள் அச்சடித்த தாள்களைக் கடற்கரைப் பிள்ளைகளுக்கும், அவர்களுடையதை இவர்களுக்கும் தபாலில் அனுப்பலானார். மீன்பிடிப்பவர் மக்களுக்கு ஒலிவ மரம் என்றால் என்ன என்று தெரியாது. மலைப் பிள்ளைகளுக்குக் கடற்பாசி தெரியாது. தெரியாதவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்ற அவசியம் பிறந்த அந்தக் கணத்தில் வாக்கியம் தானாகவே தெளிவு பெறுகிறது. செந்தமிழா, பேச்சுத் தமிழா என்று நாம் ஓயாமல் நடத்தும் விவாதத்துக்கும் இதில் விடை இருக்கிறது. 'போட்டுச்சி' என்பது குற்றமல்ல. அது அவள் வீட்டு மொழி. 'போட்டது' என்பதை அவள் கற்க வேண்டிய காரணம், நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் தன் ஆட்டின் கதை விளங்க வேண்டும் என்பதே. காரணம் தெரிந்து கற்கும் இலக்கணத்துக்குப் பிரம்பு வேண்டியதில்லை.

சுதந்திரமாக எழுத விடுவதில் அபாயமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஃபிரெனே பிறகு செயின்ட்-பால் என்ற ஊருக்கு மாறிப்போனபோது, பள்ளிக்கு இலவசமாகத் தர வேண்டிய சாமான்களைத் தராத ஊர்த் தலைவரை எதிர்த்து வகுப்பே கலகம் செய்ததாகத் தான் கண்ட கனவை ஒரு பையன் எழுதிவிட்டான். எதிரிகள் அதைச் சுவரொட்டியாக அச்சடித்து ஒட்டினார்கள். விவகாரம் பெரிதாகி, 1933இல் அவர் அந்தப் பள்ளியை விட்டே நீங்க நேர்ந்தது. குழந்தை எழுதியது கனவு. பெரியவர்கள் அதைச் சதியாக்கினார்கள்.

நம் ஊரில் அபாயம் வேறு ரூபத்தில் வரும். மனம் திறந்து எழுதலாம் என்று கண்ட குழந்தை, அப்பா குடித்துவிட்டு வந்து அடித்ததை எழுதும். பதினாறு வயது அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருப்பதை எழுதும். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதற்காக அதிகாரிகள் ஓயாமல் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிற தருமபுரி போன்ற மாவட்டத்தில் இது வெறும் கற்பனையல்ல. அத்தகைய தாளை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்வது மகாபாவம். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவதும் அதற்குக் குறைந்ததல்ல. எதை வாசிப்பது, எதை வாசிக்கக் கூடாது என்பதை எழுதிய குழந்தையின் சம்மதத்துக்கே விட்டுவிட வேண்டும். அதன் பத்திரத்துக்குக் கேடு என்று தோன்றுவதை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எழுதச் சொன்னவருக்குப் படித்ததன் பொறுப்பும் உண்டு.

இந்தியாவில் இதற்கெல்லாம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. பாவ்நகரில் 1920இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா, பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதையிலிருந்து படிப்பைத் தொடங்கிய ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. போபாலிலிருந்து ஏகலவ்யா நிறுவனம் 1985 முதல் நடத்தி வரும் 'சக்மக்' என்ற இந்திப் பத்திரிகை, 'மேரா பன்னா', அதாவது 'என் பக்கம்', என்ற பகுதியைப் பிள்ளைகளின் எழுத்துக்கும் சித்திரத்துக்கும் என்றே ஒதுக்கிவைத்தது. தமிழில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை 1950இல் நிறுவுவதற்கு முன்னின்ற அழ. வள்ளியப்பாவும் அவர் காலத்தவரும் குழந்தைகளுக்காக எழுதும் பெரியவர்களைத் திரட்டினார்கள்; குழந்தைகளே எழுதுவது என்பது பெரும்பாலும் துணுக்கு, விடுகதை, 'வாசகர் கடிதம்' அளவில் நின்றது. அதற்கு மாறாக, ஊர்தோறும் பள்ளிதோறும் ஒரு காலத்தில் நடந்துவந்த கையெழுத்துப் பத்திரிகை இருக்கிறதே, அது அருமையான ஸ்தாபனம். ஒரே பிரதி, நல்ல கையெழுத்து உள்ளவன் பிரதி செய்வான், படம் போடத் தெரிந்தவன் அட்டை வரைவான், கைமாறிக் கைமாறி ஓரம் கிழியும் வரை ஊரே படிக்கும். ஃபிரெனேயின் அச்சுப்பொறிக்குச் செலவுண்டு. இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஊசிநூலும் போதும். அது மறைந்துபோனது நமக்கு நஷ்டமே.

தமிழக அரசு நான்கு, ஐந்தாம் வகுப்பினருக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்குத் 'தேன்சிட்டு' என்று 2022இல் இரு இதழ்களைத் தொடங்கி, மாணவர்களின் படைப்புகளுக்கும் அவற்றில் இடம் தந்தது. நல்ல காரியம். எனினும், மாநிலம் முழுவதற்குமான ஓர் இதழில் வத்தல்மலைச் சிறுமிக்கு முறை வருவது எப்போது? அவளுக்கு வேண்டியது அடுத்த வாரமே வெளிவருகிற, அவள் தாயார் எழுத்துக் கூட்டியாவது படிக்கிற ஒரு பத்திரிகை. வத்தல்மலையைப் போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிற, இதே மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் இருபது ஆண்டுகளாக நடந்துவரும் 'துளிர்' கல்வி மையத்தில் கைவேலையும் தோட்டவேலையும் படிப்பும் ஒன்றோடொன்று பிணைந்தே நடக்கின்றன. பிள்ளையின் வாழ்க்கைக்கும் பாடத்துக்கும் நடுவே சுவர் வேண்டியதில்லை என்பதற்கு வெகு தூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.

ஆசிரியர்களின் ஆட்சேபணை எனக்குத் தெரியாததல்ல. ஒருவரோ இருவரோ ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்கும் பள்ளிகளில், பாடமும் நடத்தி, கல்வித் துறையின் 'எமிஸ்' செயலியில் வருகையும் சீருடையும் சத்துணவும் பதிந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. இதில் எழுத்துச் சுதந்திரம் எங்கே என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு வேண்டியது வாரத்தில் இரண்டு நாள், இருபது இருபது நிமிஷம். ஐந்து வகுப்பும் ஒரே வேலையைச் செய்யக் கூடிய நேரம் இது ஒன்றுதான் என்பதால், அத்தகைய பள்ளிக்கு இது பாரத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கவே செய்யும். எழுதத் தெரியாத சின்னக் குழந்தை படம் வரையட்டும். அது சொல்வதைப் பெரிய பிள்ளை கீழே எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியரும் ஒரு மூலையில் உட்கார்ந்து தம் நோட்டில் எதையாவது எழுதட்டும். விரும்புகிறவர் வாசிக்கலாம். எல்லா நோட்டையும் திருத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரத்துக்கு ஒன்றை எடுத்துக் கரும்பலகையில் எழுதி எல்லாருமாகச் செப்பனிட்டால் போதும். பரீட்சையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: தன் சொந்த வாக்கியத்தை எழுதப் பழகிய பிள்ளை, கடற்கரைக் கட்டுரையையும் பரீட்சைக்கு எழுதிவிடும்; கடற்கரைக் கட்டுரையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்குக் கேள்வி சற்று மாறிவிட்டால் கை ஓடாது.

கடற்கரை மாவட்டங்களில், தரங்கம்பாடியிலோ வேம்பாரிலோ, பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாமைக் கதிரும் காபிப் பழமும் எப்படியிருக்கும் என்று தெரியாது. இங்கே உள்ளவர்களுக்கு வலை பின்னுவதும் கருவாடு காயவைப்பதும் தெரியாது. தருமபுரி மாவட்டம், வத்தல்மலை, அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் என்று முகவரி எழுதி உங்கள் பிள்ளைகள் முதலில் ஆரம்பிக்கட்டும், பதில் வரும். அஞ்சலட்டையின் விலை இன்றைக்கும் 50 காசுதான். இருபது பிள்ளைகள் ஆளுக்கொன்று எழுதினாலும் செலவு 10 ரூபாய்.